வரம்பு வெட்டாத இரண்டு நாட்கள்

நான் ஒரு வருடமாக வேலைக்குப் போகவில்லை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, உடம்புக்கு என்ன வருத்தம் என்பதுதான். வருத்தம் ஒன்றும் இல்லை, தோட்டம் செய்கிறேன் என்று சொன்னால் இன்னும் மோசம். "தோட்டமோ? ஜேர்மனியிலயோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு ஒருவர் விடாமல், மிளகாய் வந்தால் தங்களுக்கும் ஒரு பை எடுத்துவைக்கச் சொல்வார்கள். சிரித்த வாயாலேயே கேட்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நாங்கள் இருப்பது இந்த நாட்டின் தென்கோடியில். வானம் வெளித்த நாளில் எங்கள் குசினி யன்னலிலிருந்து அல்ப்ஸ் மலை தெரியும். ஊரில் ஒரு தேவாலயம், ஒரு தீயணைப்புக் கொட்டகை, கிழமைக்கு இரண்டு தரம் வரும் பாண் வண்டி, மற்றதெல்லாம் மாடும் சோளமும். பக்கத்துத் தமிழ்க் கடைக்குக் காரில் ஒன்றரை மணித்தியாலம் ஓட வேண்டும். ஊன்ட்றொப் கோயில் அம்மனைப் பார்ப்பதென்றால் ஆறு மணித்தியாலம். இங்கே வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. என் கணவருக்கு இங்கேதான் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, வந்தோம், பிள்ளைகள் படித்து வேறு வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள், நாங்கள் இருவரும் மிஞ்சினோம்.

நான் பதினேழு வருடம் பக்கத்து நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். அது நிலக்கீழ் அறை. யன்னல் இல்லை. காலை ஆறு மணிக்கு உள்ளே இறங்கினால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேலே வரும்போதுதான் வெளியே மழையா வெயிலா என்று தெரியும். படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் போடுவது, எடுப்பது, உலர்த்தியில் போடுவது, எடுப்பது, மடிப்பது. அங்கே என்னை யாரும் மோசமாக நடத்தவில்லை. ஆனால் ஒரு நாள் நின்று மடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த பதினைந்து வருடமும் இதே மேசைக்கு முன்னால்தான் நிற்கப்போகிறேன் என்று நினைப்பு வந்தது. அன்று மடித்த விரிப்பை என்னவோ உதறிவிட்டுத் திரும்ப மடித்தேன். அந்தக் கிழமையே சம்பளமில்லாத விடுப்புக்கு அன்ட்றாக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தேன்.

விடுப்புக் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். ஒரு வருடம் முடிய, ஓகஸ்ட் கடைசிக்குள் திரும்பி வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் என் இடம் இருக்கும். எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்கள். தோட்டத்துக்கு எனக்கு நிலம் குத்தகைக்குத் தந்த காணிக்காரியும் அதே மாதிரி ஒரு வருடக் கணக்குத்தான் சொன்னாள். என் வயதுதான் அவளுக்கும் இருக்கும். தகப்பன் விட்டுப்போன பண்ணையைத் தனியாக நடத்துகிறாள், ட்ரக்டரைத் தானே ஓட்டுவாள், பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவள் மாதிரிப் பேசுவாள். முதல் கோடை பார்ப்போம், தோட்டம் நின்றால் ஐந்து வருடத்துக்கு எழுதித் தருகிறேன், நிற்காவிட்டால் நான் என் பயிரைப் போடுவேன் என்றாள். ஆக எனக்கு இருந்தது ஒரு கோடை. அது சரிவந்தால் நான் வெளிச்சத்தில் நின்று வேலை செய்வேன். சரிவராவிட்டால் நிலத்துக்குக் கீழே போவேன்.

தோட்டம் எனக்குப் புதிது இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்துநாலு வயது வரைக்கும் வீட்டுத் தோட்டத்தில் நின்றவள் நான். ஆசையோடு நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். விடிய நாலு மணிக்கு எழுப்புவார்கள், எழும்புகிறபோதே அழுகை வரும். ஆனால் கை பழகிவிட்டது. கை பழகியதை அது மறப்பதில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையால்தான் எல்லாம் வந்தது.

எங்கள் தோட்டம் பாத்தித் தோட்டம். நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் ஒரு சாண் உயரத்துக்கு மண் வரம்பு கட்டுவோம். பயிர் உள்ளே பள்ளத்தில் நிற்கும். நடுவால் ஒரு வாய்க்கால் போகும். கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு, ஒரு பாத்தியின் வாயைத் திறந்து நிரப்பி, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அடுத்த பாத்தியைத் திறப்போம். தண்ணீர் மாறுவது என்று இதற்குப் பெயர். ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. எங்கேயாவது வரம்பு உடைந்து தண்ணீர் வீணாகப் போனால் அன்றைக்குத் தண்ணீர் மாறின ஆளுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து ஏச்சும் கிடைக்கும். செம்மண்ணோ தண்ணீரைக் கண்ட உடனே குடித்துவிடும். வரம்பு இல்லாவிட்டால் பயிருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இங்கத்தைய மண் சாம்பல் நிறம். கனம். மழை பெய்தால் சப்பாத்தோடு கிளம்பி வரும், வெயில் அடித்தால் ஓடு மாதிரி வெடிக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே நாற்பத்தாறு பாத்தி கட்டினேன். ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி மண்வெட்டியின் இரும்பை மட்டும் பெட்டிக்குள் கொண்டுவரச் செய்து, இங்கே பிடி போட்டு வைத்திருந்தேன். காணிக்காரி ட்ரக்டரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். இது என்ன, குளிக்கிற தொட்டிகளா என்று கேட்டாள். இந்த மண்ணில் தண்ணீர் கீழே இறங்காது, உருளைக்கிழங்குக்குச் செய்கிற மாதிரி மண்ணை மேடாக அணைத்து, மேட்டின் மேல் நடு என்றாள். நான் பன்னிரண்டு வயதிலிருந்து இதைச் செய்கிறேன் என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு ட்ரக்டரில் ஏறினாள். மாட்டுக்குப் புல் வெட்டுகிறவள் எனக்கு மிளகாய்த் தோட்டம் சொல்லித் தருகிறாளே என்று அன்று முழுக்க எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன்.

என் கணவரும் பாத்தி கட்டினார். அவர் யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. மண்வெட்டியை அவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியும். தொழிற்சாலையில் ஒரு கிழமை பகல் வேலை, ஒரு கிழமை பின்னேர வேலை, ஒரு கிழமை இரவு வேலை. இடையில் கிடைக்கிற நேரத்தில் வந்து நின்று அந்த நாற்பத்தாறில் பன்னிரண்டைக் கட்டினார். வரம்பு ஒன்றும் நேர் இல்லை. ஓர் இடத்தில் தடிப்பு, ஓர் இடத்தில் மெலிவு, நாலு மூலையில் குறைந்தது இரண்டு இளகி நிற்கும்.

"இதென்ன, வரம்போ? கோழி கிளறின மாதிரிக் கிடக்கு."

"தண்ணி நிக்கும்தானே."

"எங்க நிக்கும்? ரோட்டிலதான் போய் நிக்கும்."

அவர் சிரித்தார். அவருக்குக் கோபம் வராது. சில வேளைகளில் அதுவே எனக்குக் கோபம்.

கன்றுகளைப் பெப்ரவரியிலிருந்து வீட்டு யன்னல் விளிம்புகளில் வளர்த்தேன். மிளகாய், கத்தரி, வெண்டி. குளியலறை யன்னலையும் விட்டுவைக்கவில்லை. மே மாதத்து நடுப்பகுதியில் இந்த ஊரார் ஐந்து குளிர் நாட்களுக்குப் பயப்படுவார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதரின் பெயர். கடைசி நாளுக்கு ஒரு பெண்ணின் பெயர். அவள் போன பிறகுதான் வெளியே நடுவார்கள். அதை மட்டும் நான் கேட்டு நடந்தேன். அப்படியிருந்தும் நட்டு நாலாம் நாள் விடிய வெள்ளைப் பனி விழுந்தது. வீட்டிலிருந்த போர்வை, படுக்கை விரிப்பு, கணவருடைய குளிர்ச் சட்டை எல்லாவற்றையும் கொண்டு ஓடினேன். வெண்டி முழுவதும் கருகிவிட்டது. அந்தப் புனிதப் பெண்மணியை நான் தமிழில் ஏசின ஏச்சை இங்கே எழுத ஏலாது.

பிறகு மழை நின்றது. யூன் முழுக்க ஒரு துளி இல்லை. ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்கக் கூடாது என்று ஊர்ப் பலகையில் அறிவித்தல் போட்டார்கள். எனக்கு இருந்தது காணிக்காரியின் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் கிடந்த பழைய கிணறு மட்டும்தான். அரை மணித்தியாலம் பம்ப் ஓடினால் வற்றிவிடும். திரும்ப ஊற ஆறு மணித்தியாலம் வேண்டும். விடிய நாலரைக்கு ஒரு தரம், பதினொரு மணிக்கு ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். ஒரு தரத்துக்கு ஏழு பாத்தி. நாற்பத்தாறு பாத்தியையும் சுற்றி வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். முதல் பாத்திக்குத் திரும்பி வரும்போது அது காய்ந்து கிடக்கும். ஆறு கிழமை இப்படித்தான். ஊன்ட்றொப் தேருக்குக்கூட நான் போகவில்லை. கணவருடைய சிநேகிதர் ஒருவரின் காரில் இரண்டு பெட்டி முளைக்கீரை மட்டும் கொடுத்துவிட்டேன். அங்கே அன்னதானத்தில் சமைத்தார்களாம், ஜேர்மனியில் விளைந்த கீரையா என்று ஆட்கள் கேட்டார்களாம். அதை எனக்குப் போனில் சொன்னபோது வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன்.

காணிக்காரியின் சோளம் இலை சுருண்டு நின்றது. பக்கத்துக் காணிகளில் நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. என் மிளகாய் கரும்பச்சையாக, முழங்காலுக்கு மேல், பூவும் பிஞ்சுமாக நின்றது. ஒரு நாள் அவள் வந்து வரம்பின் மேல் ஏறி நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, மோசம் இல்லை என்றாள். இந்த ஊர் ஆட்களிடமிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. நான் அன்று மூன்று பேருக்குப் போன் எடுத்து அதைச் சொன்னேன். குளிக்கிற தொட்டி என்று சொன்னவள் இப்போது என்ன சொல்கிறாள் பாருங்கோ என்றேன்.

தலைக்கனம் ஏறினால் வேலையும் கூடும். கணவர் கட்டின பாத்திகளில் தண்ணீர் ஒவ்வொரு முறையும் மெலிந்த இடத்தால் உடைத்துக்கொண்டு ஓடியது. என்னுடைய அரை மணித்தியாலத் தண்ணீர். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அவருடைய வரம்புகளை வெட்டி எறிந்துவிட்டு நானே புதிதாகக் கட்டினேன். எட்டுப் பாத்தி முடித்தபோது என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மிச்சம் நாலும் ரோட்டுப் பக்கத்து ஓரத்தில் அவர் கட்டினபடியே கோணலாகக் கிடந்தன. அங்கே நின்ற கன்றுகள் மற்றவற்றைவிட ஒரு சாண் கட்டை.

யூலையில் ஒரு ஞாயிறு பின்னேரம் மழை வந்தது. நாங்கள் இருவரும் குடை இல்லாமல் போய்த் தோட்டத்துக்குள் நின்றோம். எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. முதல் தடவையாக என் கை படாமல் நாற்பத்தாறு பாத்தியும் ஒரே நேரத்தில் நனைந்தது. போனில் வானிலை பார்த்தேன். திங்கட்கிழமை மழை, செவ்வாய் விட்டுவிட்டு மழை, புதனிலிருந்து இரண்டு கிழமைக்கு வெயில் என்று சின்னச் சின்னச் சூரியன்களாகப் போட்டிருந்தது. அந்தச் சூரியன்களை நான் நம்பினேன்.

திங்கள் முழுக்கக் கொட்டியது. செவ்வாய்க்கிழமை விடிய ஆறரைக்கு நான் தோட்டத்துக்குப் போனபோது பாத்திகள் வரம்பு மட்டத்துக்கு நிரம்பி நின்றன. கன்றுகளின் அடித்தண்டு தண்ணீருக்குள். மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. கணவர் இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே வந்தார். கொட்டகைக்குள் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து முதல் பாத்தியின் வரம்பில் நின்றார்.

"இஞ்சேரும், இப்ப வெட்டி விட்டாத்தான் கண்டுகள் தப்பும்."

"என்னத்தை வெட்டுறது?"

"வரம்பை. தண்ணி போகட்டும். வேர் அழுகிப்போகும்."

"விசரே உங்களுக்கு? நாளைக்கு வெயில் எண்டு போட்டிருக்கு. இவ்வளவு தண்ணியையும் விட்டுட்டுப் பிறகு எங்க போறது? உங்கட அப்பர் கிணறு வெட்டித் தந்தவரோ?"

"நாளைக்கு மழை விடும் எண்டு என்ன நிச்சயம்?"

"உங்களுக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? போய்ப் படுங்கோ."

அவர் மண்வெட்டியை ஓங்கினார் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தூக்கினார். நான் ஓடிப்போய்ப் பிடியைப் பிடித்து இழுத்தேன். அவர் கையிலிருந்து அது கழன்று வந்தது. இரும்பு என் கணுக்காலில் பட்டு இரத்தம் வந்தது. அதையும் அவர் தலையிலேயே போட்டு ஏசினேன். அவர் மழைக்குள் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குக் காவல் நின்றேன்.

அந்தக் காலையில் எனக்குள் ஓடினதை எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கூடிவிட்டது என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. வேர் மூச்சுவிட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அந்த வரம்பை வெட்டி, அவ்வளவு தண்ணீரும் ரோட்டோர வடிகாலான கானுக்குள் ஓடுவதை நின்று பார்க்க என்னால் ஏலாமல் இருந்தது. எங்கள் பக்கத்தில் அடுத்தவன் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால் பொலிசுக்குப் போவார்கள், இரண்டு வீடுகள் வருடக்கணக்கில் கதைக்காமல் இருக்கும். தன் வரம்பைத் தானே வெட்டினவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆறு கிழமை நாலரைக்கு எழும்பி அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாகச் சேர்த்த கை, திறந்து விடு என்றால் விடுமா? விடவில்லை.

புதன் காலையும் மழை. போனில் இருந்த சூரியன்களெல்லாம் வியாழனுக்குத் தள்ளிப் போயிருந்தன. மத்தியானம் ஒரு மணித்தியாலம் வெயில் எறித்தது. நான் வீட்டுக்கு ஓடிவந்து, படுத்திருந்த மனுசனை எழுப்பி, "பாத்தியளோ, வெயில்" என்றேன். அவர் கண்ணைத் திறந்து, ஓம் என்று மட்டும் சொன்னார். திரும்பப் போய்ப் பார்த்தபோது பாத்திகளிலிருந்து ஆவி எழும்பியது. தண்ணீருக்குள் நிற்கிற மிளகாய்க் கன்றுகளின் இலையெல்லாம் தொங்கிப்போய் இருந்தது. தண்ணீர் இல்லாமல் வாடுகிற கன்றுக்குத் தண்ணீர் விடலாம். தண்ணீருக்குள் நின்று வாடுகிற கன்றுக்கு விட ஒன்றும் இல்லை. அது தெரிந்தும், நாலு மணிக்குத் திரும்ப மழை தொடங்கும் வரைக்கும் அப்படியே நின்றேன்.

வியாழன் விடிய நானே வெட்டினேன். கணவரும் வந்து இங்கத்தைய நேர் மண்வெட்டியான ஸ்பேட்டால் வெட்டினார். மண்வெட்டியால் ஒரு கொத்துப் போட்டதும் தண்ணீர் தானாகவே வரம்பை இழுத்துக்கொண்டு ஓடியது. கான் நிரம்பி ரோட்டில் ஏறியது. பால் வண்டி வந்து நின்று, சாரதி யன்னலைத் திறந்து எங்களைப் பார்த்தான். எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. இரண்டு நாளுக்கு முதல் செய்திருக்க வேண்டிய ஒரு மணித்தியால வேலை.

சனிக்கிழமைக்குள் மிளகாய் இலை எல்லாம் கொட்டிவிட்டது. ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன், சேறோடு சுகமாக வந்தது, வேர் மண்ணிறமாகி நாறியது. கத்தரி இன்னும் நாலு நாள் நின்றுவிட்டுப் போனது. வெண்டி கருகின இடத்தில் போட்டிருந்த பயிற்றைக்கும் மிச்சக் கீரைக்கும் ஓடில்லாத நத்தைகள் வந்தன. விரல் மொத்தத்தில், செம்மஞ்சள் நிறத்தில், எங்கிருந்து வந்தன என்றே தெரியாது. விடிய விடிய வாளியில் பொறுக்கினேன். அடுத்த நாள் அதே அளவு நிற்கும். அவற்றோடும் சண்டை பிடித்தேன். வேறு யாரோடு பிடிப்பது?

தப்பினது நாலு பாத்தி. ரோட்டோரத்தில் என் முழங்கால் வீங்கினபடியால் நான் தொடாமல் விட்ட அந்தக் கோணல் பாத்திகள். திங்கட்கிழமையே தண்ணீர் மெலிந்த இடத்தால் உடைத்துக்கொண்டு கானுக்குள் போய்விட்டது. அந்தக் கட்டைக் கன்றுகள் மட்டும் இலையை நிமிர்த்திக்கொண்டு நின்றன, பத்து நாளில் காயும் பிடித்தன. எனக்குச் சந்தோசம் வரவில்லை. அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும் போல ஆத்திரம்தான் வந்தது. கணவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை நக்கலாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசி ஆறியிருப்பேன். அந்த வசதியையும் எனக்கு அவர் தரவில்லை.

பிறகு போன் வரத் தொடங்கியது. மிளகாய்ப் பை கேட்டவர்கள், கீரை சாப்பிட்டவர்கள், பிள்ளைகள். எல்லாருக்கும் அவர்தான் பதில் சொன்னார். "மழை. இந்த முறை மழை பொல்லாத மழை. அவ என்ன செய்யிறது?" எல்லாரும் அதையே திருப்பி எனக்குச் சொன்னார்கள். மழைக்கு நாங்கள் என்ன செய்ய ஏலும், மனதைத் தளர விடாதையுங்கோ. நான் ஓம் ஓம் என்றேன். அவர் குசினியில் நின்று, "மழைதான்" என்று சொல்கிறபோது அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் இருப்பேன். செவ்வாய்க்கிழமை மண்வெட்டியோடு வந்து நின்ற மனுசன்.

காணிக்காரி ஓகஸ்ட் நடுப்பகுதியில் வந்தாள். குளிக்கிற தொட்டி என்ற சொல் அவள் வாயால் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நல்லது. அவள் உடைந்த வரம்புகளைப் பார்த்துவிட்டு, தன்னுடைய பார்லியும் சாய்ந்துவிட்டது, மோசமான வருடம் என்றாள். நாலு பாத்தியை வைத்து ஐந்து வருடத்துக்கு எழுத முடியாது, விளங்கும்தானே என்றாள். விளங்கும் என்றேன். ஒக்டோபரில் கோதுமை போடப்போவதாகச் சொன்னாள். நாலு பாத்தி மிளகாயையும் ஆய்ந்து அவளுக்கு ஒரு பை கொடுத்தேன். உறைக்குமா என்று கேட்டாள். உறைக்கும் என்றேன். அவ்வளவுதான் எங்கள் கதை.

ஓகஸ்ட் கடைசிக் கிழமை, சனிக்கிழமை பத்து மணியளவில், அவர் குசினி மேசையில் வேலைக்குத் திரும்புகிற அன்ட்றாக்கை விரித்து வைத்தார். வீட்டில் டொச் என்கிற ஜேர்மன் மொழியில் கடதாசி நிரப்புகிற வேலை எப்போதும் அவருடையது. எழுத்து அழகு. பெயர், முகவரி, எந்தத் திகதியிலிருந்து வேலைக்குத் திரும்புகிறேன் என்பதெல்லாம் எழுதினார். கீழே ஒரு பெட்டி இருந்தது. விடுப்பை முடித்துக்கொள்வதற்கான காரணம். அதில் ஒரே டொச் சொல்லில் கெட்ட வானிலை என்று எழுதி, கடதாசியை என் பக்கம் திருப்பி, பேனையை மேலே வைத்தார்.

"இதில ஒரு கையெழுத்து வையும்."

நான் பேனையை எடுத்து அந்தச் சொல்லைக் குறுக்கால் வெட்டினேன்.

"என்ன செய்யிறீர்?"

"அது காரணம் இல்லை."

"இஞ்சேரும், அவைக்கு என்ன தெரியப்போகுது? ஆர் கேக்கப்போகினம்?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

அவர் கதிரையில் சாய்ந்தார். என்னுடைய டொச் சலவைக்கூடத்து டொச். விரிப்பு, துவாய், சவர்க்காரம், வலி, நாளைக்கு, ஏலாது. அதற்குள்ளிருந்து சொற்களைப் பொறுக்கிக் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு வெட்டின சொல்லுக்கு மேலே, நான் தண்ணீரைப் போக விடவில்லை என்று எழுதினேன். சின்னப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தது. அவர் எட்டிப் பார்த்து வாசித்தார்.

"இதைப் பாத்தால் உமக்கு விசர் எண்டு நினைப்பினம்."

"நினைக்கட்டும்."

கையெழுத்து வைக்கப் போன கை நின்றுவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆறு கிழமையாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் என்ர கையில இருந்து மண்வெட்டியைத் திருப்பிப் பறிக்கேல்ல? உங்களுக்கு என்னைவிடப் பலம்தானே. எல்லாத்தையும் வெட்டி விட்டிருக்கலாமே. நான் கத்திப்போட்டுக் கிடந்திருப்பன். கண்டு தப்பியிருக்கும்."

அவர் கடதாசியைப் பார்த்தார். பேனை மூடியை எடுத்து மேசையில் உருட்டினார்.

"அது உம்மட தோட்டம்."

இந்த ஒரு வருடத்தில் ஒருவரும் அதை அப்படிச் சொன்னதில்லை. காணிக்காரியின் நிலம் என்றார்கள், பொழுதுபோக்கு என்றார்கள், விசர் வேலை என்றார்கள். நானே கூட ஐந்து வருடத்துக்கு எழுதி வாங்கின பிறகு சொல்லலாம் என்று அந்தச் சொல்லை வைத்திருந்தேன். இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து மழைக்குள் நின்ற மனுசன், கன்றெல்லாம் சாகும் என்று தெரிந்தும், என்னுடையது என்பதற்காகக் கையை விட்டிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தோளில் தலையை வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கையெழுத்தை வைத்தேன். எழுத்து கோணலாகப் போனது. அவர் கடதாசியை மடித்து உறைக்குள் போட்டு, தபால் பெட்டிக்குப் போகச் சப்பாத்துப் போட்டார். நான் கதவு சாத்துப்படும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு மேசையில் கவிழ்ந்து அழுதேன்.